இழுப்பறைக்குள் போன கடிதம்

பேய்க்கதை ஒன்றைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு எழுத வந்திருக்கிறேன். இப்பகுதியில் குறுந்தொகைக்கும் கம்பனுக்கும் விளக்கம் படித்துப் பழகிய அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். நான் சொல்லவரும் கதையின் தலைவி நம் தொழிலைச் சேர்ந்தவள். வயது இருபது. அவளுக்கு அதுவே முதல் வேலை. மாணாக்கர் இருவரே. அவ்விருவரில் ஒருவன் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு வந்தவன். எதற்காக விலக்கப்பட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு. அதனை விளக்கவே இக்கட்டுரை.

நூலின் பெயர் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'. திருகாணியை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது என்று பொருள். எழுதியவர் ஹென்றி ஜேம்ஸ். 1843-இல் நியூயார்க்கில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்து, 1916-இல் இலண்டனில் மறைந்தவர். இக்கதை 1898-ஆம் ஆண்டு 'கோலியர்ஸ்' வார இதழில் தொடராக வந்து, அவ்வாண்டிலேயே நூலுருவும் பெற்றது. நான் இதனை முதன்முதலில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். பேய்க்காகப் படித்தேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அண்மையில் ஆண்டிறுதி விடுமுறையில் நான்காம் முறையாகப் படித்தபோது பேய்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு கடிதம்தான் பட்டது.

ஆங்கிலத்தில் 'கவர்னஸ்' என்று சொல்லப்படும் வீட்டாசிரியையின் நிலையை முதலில் சிறிது அறிந்துகொள்வது நலம். விக்டோரியா அரசியார் காலத்தில், படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி மானத்தோடு பிழைக்க இருந்த வழிகள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது செல்வர் வீட்டில் தங்கி அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அவள் வேலைக்காரியும் அல்லள், வீட்டுக்காரியும் அல்லள். வேலையாட்களோடு உண்ண அவளுக்கு மனம் இராது. எசமானரோடு உண்ண அழைப்பு இராது. பயிற்சி என்பது பெரும்பாலோர்க்குக் கிடையாது. 1848-இல் இலண்டன் ஹார்லி தெருவில் குவீன்ஸ் கல்லூரி திறக்கப்பட்ட பின்னரே இத்தகைய பெண்களுக்கு முறையான கல்வியும் தேர்வும் சான்றிதழும் வாய்க்கத் தொடங்கின.

இவர்கள் பட்ட பாட்டை உள்ளிருந்து எழுதியவர் ஆன் பிராண்டி. 1847-இல் வந்த அவருடைய 'ஆக்னஸ் கிரே' என்னும் புதினத்தை நம் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கலாம். ஆன் பிராண்டி 1839-இல் யார்க்ஷயரில் பிளேக் ஹால் என்னும் வீட்டில் ஆசிரியையாக இருந்து, பிள்ளைகளை அடக்க முடியாமல் வேலையை இழந்தவர். கதையில் ஆக்னசுக்கு ஆண்டுக்கு 25 பவுன் சம்பளம். மாணாக்கன் டாம் ஏழு வயதுப் போக்கிரி. பறவைக் குஞ்சுகளைப் பிடித்து வதைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவன் கையில் சிக்கிய குஞ்சுகள் அணுஅணுவாகச் சாவதைக் காணப் பொறுக்காமல் ஆக்னஸ் ஒரு கல்லைப் போட்டு அவற்றை ஒரே நொடியில் கொன்றுவிடுகிறாள். தண்டிக்கும் உரிமை அவளுக்கு இல்லை. பிள்ளைகள் கெட்டால் பழி மட்டும் உண்டு. அடங்காப் பிள்ளைகளைப் பற்றி இதைவிட உண்மையாக எழுதிய நூலை நான் கண்டதில்லை.

ஜேம்ஸின் கதையில் வரும் பிள்ளைகள் வேறு வகை. மைல்ஸுக்குப் பத்து வயது. அவன் தங்கை ஃபுளோராவுக்கு எட்டு. இருவரும் தாய் தந்தையரை இழந்தவர்கள். சிற்றப்பனோ பெரியப்பனோ, ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்தான், ஹார்லி தெருவில் வாழும் அழகான கட்டைப் பிரமசாரி. எசெக்சில் பிளை என்னும் பழைய பெருவீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிறான். ஊர்ப்புறத்து ஏழைப் பாதிரியாரின் கடைசி மகளை ஆசிரியையாக அமர்த்தும்போது அவன் இடும் கட்டளை ஒன்றே: எது நேர்ந்தாலும் தனக்குத் தொல்லை தரக்கூடாது, எழுதக்கூடாது, கேட்கக்கூடாது. ஹார்லி தெருவில் ஆசிரியைகளுக்குக் கல்லூரி எழுந்ததும் அதே தெருவில் இப்படியொரு கட்டளையை ஜேம்ஸ் பிறப்பித்துக் காட்டியதும் தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது நினைவை விட்டு அகலவில்லை.

அவள் பிளைக்கு வந்து சேர்ந்த மறுநாள் மாலையிலேயே ஒரு கடிதம் வருகிறது. மைல்ஸ் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் எழுதியது. பிள்ளைகளின் காப்பாளன் அதை உடைத்தும் பாராமல், இதை நீயே பார்த்துக்கொள், எனக்கு ஒன்றும் தெரிவிக்காதே என்று ஒரு சிறு குறிப்போடு திருப்பி அனுப்பியிருக்கிறான். உள்ளே இருப்பது, விடுமுறைக்குப் பின் சிறுவனைச் சேர்த்துக்கொள்ள இயலாது என்னும் செய்தி. காரணம் இல்லை. இளம் ஆசிரியை அதை வீட்டுப் பொறுப்பாளரான மிசஸ் குரோசிடம் நீட்டுகிறாள். அந்த அம்மையார் வாங்காமல் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரு கடிதம், நான்கு பெரியவர்கள். எழுதியவர் காரணத்தை எழுதவில்லை. பெறவேண்டியவன் திறக்கவில்லை. மூன்றாமவளால் படிக்க முடியவில்லை. நான்காமவள் படித்தாள், படித்தவள் செய்தது என்ன? கடிதத்தில் இல்லாத காரணத்தைத் தானே இட்டு நிரப்பினாள். மற்றப் பிள்ளைகளுக்குக் கேடு விளைவிப்பவன் என்பதே இதன் பொருளாக இருக்க முடியும் என்கிறாள். மறுநாள் அஞ்சல் வண்டி நிற்கும் சத்திரத்தின் வாயிலில் மைல்ஸைக் கண்டதும் அவன் அழகிலும் அடக்கத்திலும் மயங்கி, இவன் மேல் குற்றமா, பள்ளிக்காரர்களே கொடியவர்கள் என்று ஒரே நொடியில் மாறிவிடுகிறாள். முதல் முடிவுக்கும் சான்று இல்லை; இரண்டாம் முடிவுக்கும் சான்று இல்லை. பள்ளிக்கு என்ன பதில் எழுதப்போகிறாய் என்று மிசஸ் குரோஸ் கேட்கிறார். அவன் சிற்றப்பாவுக்கு? பையனிடம்? மூன்று வினாவுக்கும் அவள் தரும் விடை ஒன்றே: ஒன்றும் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னதில் அவளுக்குப் பெருமை வேறு. கடிதம் அவளுடைய அறையில் ஓர் இழுப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது.

இதற்குப் பிறகுதான் பேய்கள் வருகின்றன. கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆள். பிறகு அதே ஆள் உணவறைச் சன்னலுக்கு வெளியே. ஏரிக்கரையில் கறுப்பு உடுத்த ஒரு பெண். வீட்டின் பழைய பணியாளன் பீட்டர் குவின்ட், முன்னிருந்த ஆசிரியை மிஸ் ஜெசல் ஆகிய இருவருமே இவர்கள் என்றும், இறந்துபோன இவர்கள் பிள்ளைகளைத் தம்மிடம் இழுத்துக்கொள்ள வருகிறார்கள் என்றும் ஆசிரியை முடிவு கட்டுகிறாள். பிள்ளைகளும் அவர்களைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு மறைக்கிறார்கள் என்பது அவளுடைய நம்பிக்கை. பிள்ளைகள் வாயால் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

இவை மெய்யான பேய்களா, அவள் மனத்தின் தோற்றங்களா என்பது பற்றி நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் வாதிடுகின்றனர். 1924-இல் எட்னா கென்டன் என்னும் அம்மையார் ஐயத்தைக் கிளப்பினார். 1934-இல் எட்மண்ட் வில்சன் பிராய்டின் உளநூலைத் துணைக்கொண்டு, ஆசிரியை தன்னை அமர்த்திய செல்வன்பால் வைத்த சொல்லாக் காதலே அவளுக்குப் பேயாகத் தோன்றியது என்று எழுதினார். அவர் காட்டும் சான்று வலுவானது. கோபுரத்தின் மேல் உருவம் தோன்றுவதற்குச் சற்றுமுன், உலாவிக்கொண்டிருந்த அவள் யாரேனும் எதிரே வந்து தன்னைப் பார்த்து முறுவலித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பாரின் சான்றும் எளிதன்று. குவின்டை அவள் ஒருபோதும் கண்டதில்லை. அப்படியிருக்க, செந்நிறத் தலைமயிரும் தொப்பியின்மையும் பிறனுடைய ஆடையை அணிந்தது போன்ற தோற்றமும் அவள் வருணிக்கக் கேட்ட உடனே மிசஸ் குரோஸ் ஆளைப் பெயர் சொல்லிவிட்டாரே, அது எப்படி? இதற்கு வில்சன் கட்சியார் பல சமாதானங்கள் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் நிறைவளிக்கவில்லை.

கதையின் விதை ஜேம்ஸுக்குக் கிடைத்த வரலாறும் பேய்க்கட்சிக்கே துணை நிற்கிறது. 1895 சனவரியில் கேன்டர்பரி பேராயர் எட்வர்ட் பென்சன் விருந்தினரிடையே சொன்ன செவிவழிச் செய்தியொன்றை ஜேம்ஸ் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தீய வேலையாட்கள் பிள்ளைகளைக் கெடுத்து, இறந்தபின்னும் வந்து அழைத்தார்கள் என்பதே அச்செய்தி. அதில் ஆசிரியையே இல்லை. ஆசிரியையைச் சேர்த்து, அவள் கண்ணாலேயே எல்லாவற்றையும் காட்டியது ஜேம்ஸின் வேலை. (பேராயர் பென்சன் அப்பதவிக்கு வருமுன் வெலிங்டன் கல்லூரியின் முதல் தலைமையாசிரியராக இருந்தவர். பள்ளித் தலைவர்கள் பேய்க்கதை சொல்வதில் வல்லவர்கள் போலும்.)

நம்மவர்க்கு இந்த வாதம் புதிதன்று. ஐயம் வேறு, திரிபு வேறு, துணிபு வேறு என்று பிரித்துப் பழகியவர்கள் நாம். அந்தி நேரத்தில் தொலைவில் நிற்பது கட்டையோ ஆளோ என்னும் எடுத்துக்காட்டை இலக்கண வகுப்பில் சொல்லாத தமிழாசிரியர் இல்லை. தொல்காப்பியர் இதற்கு ஒரு வழக்கும் வகுத்தார்: ஐயம் தீருமளவும் உயர்திணை என்றும் அஃறிணை என்றும் துணியாமல், உருவு என்னும் பொதுச்சொல்லால் வழங்கலாம். இளமையில் இதனை வெறும் சொல்லிலக்கணமாகவே படித்தேன். இக்கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது அதில் ஓர் ஒழுக்கம் இருப்பது புலப்படுகிறது. பிளையின் ஆசிரியை 'உருவு' என்னும் நிலையில் ஒருநாள்கூட நிற்கவில்லை. ஒரே உரையாடலில் உருவுக்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்த கையோடு நோக்கமும் வந்துவிட்டது: அவன் தேடி வந்தது சிறுவன் மைல்ஸைத்தான் என்கிறாள். சன்னலுக்கு வெளியே நின்றவன் யாரைத் தேடினான் என்பதை அவளுக்குச் சொன்னவர் யார்? குவின்ட் மெய்யாகவே பேயாக வந்தான் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வினா அப்படியே நிற்கிறது. ஆகவே வில்சன் வென்றாலும் பேய்க்கட்சி வென்றாலும் ஆசிரியையின் மேல் நமக்குள்ள வழக்கு மாறுவதில்லை.

அறிஞர்களின் பூசல் இடம் தவறி நடக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். கோபுரத்தையும் ஏரியையும் பார்த்த அளவுக்கு அவர்கள் இழுப்பறையைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான்கு வரி எழுதியிருந்தால் ஒரு கிழமைக்குள் மறுமொழி வந்திருக்கும். பையனை மரத்தடியில் உட்காரவைத்து ஒரு மாலை பேசியிருந்தால் அதுகூடத் தேவைப்பட்டிராது.

இவ்வளவு எளிதாகச் சொல்கிறாயே, நீ எப்போதும் கேட்டாயா என்று யாரேனும் வினவலாம். ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது வேறொரு தோட்டப்பள்ளியில் இருந்தேன். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். தாய் இல்லை, தகப்பன் வேறு ஊரில், பாட்டிதான் வளர்த்தாள். கெட்டிக்காரன். கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்வான். அவன் சில சொற்களைப் பேசினான். இன்னவை என்று எழுத இன்றும் என் கை வராது. அவன் சொன்னதை மற்றப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, இரண்டு பெற்றோர் வந்து கூச்சலிட்டார்கள். நான் ஒரு தாள் எடுத்து, இப்பையனைச் சில நாட்களுக்கு வீட்டில் வைத்துக்கொள்ளவும் என்று மட்டும் எழுதி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன். காரணம் எழுதவில்லை. எழுதக்கூடிய காரணமாக அது இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாட்டி பள்ளி வாயிலில் நின்றாள். பக்கத்தில் பையன், சீருடையோடு. முதல்நாள் கொடுத்த தாள் அவள் கையில் நான்காக மடித்தபடி இருந்தது. "வாத்தியாரய்யா, இதுல என்னா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் எழுதியதை நானே அவளுக்குப் படித்துச் சொன்னேன். "என்னா செஞ்சான்?" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவனையே கேளுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டேன். அந்த மாத முடிவில் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று கிராணிக்கும் தெரியவில்லை. அந்தச் சொற்களை அவன் எங்கே, யாரிடம் கற்றான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மிசஸ் குரோஸ் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் கை நினைவுக்கு வருகிறது. கதை நெடுகிலும் அறிவான ஒரே வினாவைக் கேட்பவரும் எழுத்தறியாத இந்த அம்மையார்தான். இலையுதிர் காலம் வந்தபின், பள்ளியால் விலக்கப்பட்ட பிள்ளைக்காக இனித் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது, எல்லாவற்றையும் எசமானரிடம் சொல்லிவிடுவேன் என்று ஆசிரியை வீராப்புப் பேசுகிறாள். எதற்காக விலக்கினார்கள் என்பதே நமக்கு இன்றுவரை தெரியாதே என்கிறார் மிசஸ் குரோஸ். தீமைக்காகத்தான், வேறு எதற்கு என்று மறுமொழி வருகிறது. நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொன்னார். நிறைகோல் ஐயந்தீரப் பொருளை அளந்து காட்டுவது. இங்கே தட்டில் ஒன்றும் வைக்காமலே முள் சாய்ந்துவிட்டது.

இனி அவள் பிள்ளைகளைப் படிக்கும் முறையைக் காண்போம். ஆக்னஸ் கிரேயின் மாணாக்கர் அடங்காதவர்கள். அவர்களைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. பிளையின் பிள்ளைகள் அடங்கியவர்கள். பாடம் ஒப்பிக்கிறார்கள், நாடகம் ஆடிக் காட்டுகிறார்கள், பியானோ வாசிக்கிறார்கள், ஆசிரியையை மகிழ்விப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். முதலில் அவள் உருகுகிறாள். பேய்களைப் பற்றித் துணிந்தபின் அதே அடக்கம் அவளுக்குச் சூழ்ச்சியாகத் தோன்றுகிறது. இவ்வளவு நல்லவர்களாக இருப்பதே இவர்கள் ஏமாற்றுவதற்குச் சான்று என்கிறாள். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் தம் குற்றமின்மையை எவ்வாறு மெய்ப்பிக்க இயலும்? குறும்பு செய்தால் கெட்டவர்கள், செய்யாவிட்டால் மறைக்கிறவர்கள். நடுநிசியில் மைல்ஸ் எழுந்துபோய்ப் புல்வெளியில் நிற்கிறான். ஏன் சென்றாய் என்றால், ஒரு தடவையாவது என்னைக் கெட்ட பிள்ளை என்று நீங்கள் நினைக்கட்டுமே என்பதற்காக என்கிறான். பத்து வயதுப் பையன் ஒருவன் சொல்லக்கூடிய மிக வெளிப்படையான விடை அது. அதனையும் அவள் பேயின் பேச்சாகவே கேட்கிறாள்.

ஃபுளோரா வருமிடத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. வெள்ளைத் தாளும் எழுதுகோலும் கொடுத்து, வட்ட வட்டமாக 'ஓ' எழுத்துப் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் ஆசிரியை. குழந்தை சலித்துப்போய்க் கதவருகே வந்து எட்டிப் பார்க்கிறது. முதலாம் ஆண்டு வகுப்பில் 'அ' கற்பித்தவர்க்கு இக்காட்சியின் உண்மை தெரியும். கதையில் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருக்கும் இடங்கள் இப்படி அங்கங்கே மின்னி மறைகின்றன. ஜேம்ஸ் அவற்றை நமக்குக் காட்டுகிறார். அருகில் இருப்பவள் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகும் வழியில் மைல்ஸே கேட்டுவிடுகிறான்: நான் எப்போது பள்ளிக்குத் திரும்பப் போகிறேன்? தன்னையொத்த பையன்களோடு இருக்க ஆசையாக இருக்கிறது என்கிறான். தன் நிலையைப் பற்றிச் சிற்றப்பா என்ன நினைக்கிறார் என்றும் கேட்கிறான். பேய் பிடித்த பிள்ளையின் வினாக்களா இவை? மாதக்கணக்கில் பள்ளியின்றி, தோழரின்றி, ஒரு பெரிய வீட்டில் இரண்டு பெண்களோடும் ஒரு சிறுமியோடும் அடைபட்ட பையனின் வினாக்கள். ஆசிரியை விடை சொல்லவில்லை. கோயிலுக்குள் போகாமல் கல்லறை மேல் உட்கார்ந்துவிடுகிறாள். ஓடிப்போகலாமா என்று வீட்டுக்குத் திரும்புகிறாள். திரும்பிவந்து பாட அறைக் கதவைத் திறந்தால், தன் மேசையில் தன் இடத்தில் மிஸ் ஜெசல் உட்கார்ந்திருக்கக் காண்கிறாள். தன் காதலனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த வேலைக்காரியைப் போன்ற தோற்றம். பேய்கூட எழுத உட்கார்கிறது. ஆசிரியைக்குத்தான் பேனா ஓடவில்லை.

கடைசியில் அவள் எழுதும் கடிதத்தின் கதி என்ன? எசமானருக்கு எழுதி மேசைமேல் வைத்ததை மைல்ஸ் எடுத்து, பிரித்துப் பார்த்து, எரித்துவிடுகிறான். உள்ளே தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று அறியும் ஆசை அவனுக்கு. ஒன்றும் இல்லை. நேரில் பேசவேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாம் முறையாகவும் அந்தப் பையனைப் பற்றி ஒரு கடிதம், இரண்டாம் முறையாகவும் அதில் காரணம் இல்லை.

ஆசிரியையை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக யாரும் எண்ணவேண்டா. இருபது வயதில், பயிற்சியின்றி, துணையின்றி, கேட்காதே என்னும் கட்டளையோடு அனுப்பப்பட்டவள் அவள். முன்னிருந்தவள் எதனால் போனாள், எப்படி இறந்தாள் என்பதை அமர்த்தியவன் முழுதும் சொல்லவில்லை. கதையின் முகப்பில் டக்ளஸ் என்பவர், பின்னாளில் தம் தங்கைக்கு ஆசிரியையாக வந்த இவளைப் போல் அந்நிலையில் இனியவரைத் தாம் கண்டதில்லை என்று பாராட்டுகிறார். நல்லவள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்தவள். அன்பு இருந்தது, வினவுதல் இல்லை. அந்தத் தலைமையாசிரியருக்கு இந்த அளவு சமாதானமும் இல்லை. அவருக்கு வயதும் இருந்தது, பதவியும் இருந்தது, உண்மையும் தெரிந்திருந்தது. கதையில் அவர் ஒரு தடவைகூட முகம் காட்டவில்லை. ஆய்வாளர்களும் அவரைச் சும்மா விட்டுவிட்டார்கள். என் போன்றவர்களுக்குத்தான் அவரைப் பார்த்தால் உள்ளூர உறுத்துகிறது.

பெஞ்சமின் பிரிட்டன் இக்கதையை இசைநாடகமாக்கி 1954-இல் வெனிசில் அரங்கேற்றினார். அதில் பேய்கள் பாடுகின்றன. பாடும் பேயை அவள் மனத்தின் தோற்றம் என்று சொல்வது கடினம். ஆனால் பாட அறையில் மைல்ஸ் இலத்தீன் ஒப்பிக்கும் இடத்தை பிரிட்டன் நன்கு கையாண்டிருக்கிறார். ஒரே வடிவில் பல பொருள்தரும் 'மாலோ' என்னும் சொல்லை வைத்துப் பையன் பாடும் சிறுபாட்டு, இலக்கணப் பாடத்திலிருந்து பிறந்து அழுகையைப் போல் நிறைகிறது. 1961-இல் ஜேக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னசன்ட்ஸ்' படத்தில் டெபோரா கெர் ஆசிரியையாக நடித்தார். பார்க்கத்தக்க படம், நடிகையின் வயது மட்டும் கதைக்கு மிகுதி. இருபது வயது என்பது இக்கதைக்கு உயிர்நாடி.

முடிவு எல்லாரும் அறிந்ததே. ஃபுளோரா காய்ச்சலில் விழுந்து, வாயில் வராத சொற்களையெல்லாம் பேச, மிசஸ் குரோஸ் அவளை இலண்டனுக்கு அழைத்துப் போகிறார். மைல்ஸும் ஆசிரியையும் தனியே மிஞ்சுகிறார்கள். அப்போதுதான், நூலின் கடைசிச் சில பக்கங்களில்தான், அவள் கேட்கிறாள்: பள்ளியில் நீ என்ன செய்தாய்? அவன் தயங்கித் தயங்கிச் சொல்லிவிடுகிறான். சில சொற்களைச் சொன்னான். எல்லாரிடமும் இல்லை, பிடித்த சிலரிடம் மட்டும். அவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படியே அது ஆசிரியர்கள் காதுக்குப் போயிருக்கும். அவ்வளவுதான். இழுப்பறைக்குள் பூட்டிய மர்மம் இரண்டு மணித்துளியில் அவிழ்ந்துவிட்டது. அக்கணத்தில் அவளுக்கும் ஒரு நடுக்கம் தோன்றுகிறது: இவன் குற்றமற்றவன் என்றால் நான் யார்? நூலிலேயே மிகக் கொடிய வரி அதுதான் என்பேன். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. சன்னலில் மீண்டும் உருவம் தெரிகிறது; பையனை இறுகப் பற்றிக்கொண்டு, யார் என்று சொல் என நெருக்குகிறாள். பையன் குவின்டின் பெயரைச் சொல்லி, பிசாசே என்று அலறுகிறான். பிசாசு என்றது குவின்டையா, தன்னைப் பிடித்திருப்பவளையா என்பதை ஜேம்ஸ் சொல்லவில்லை. பையன் அவள் கையில் இறந்து கிடக்கிறான்.

கதை அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. முகப்பில் டக்ளஸ் இக்கையெழுத்துப் படியைத் தம் வீட்டில் பூட்டிய இழுப்பறை ஒன்றிலிருந்து வரவழைத்தே நண்பர்களுக்குப் படித்துக் காட்டுகிறார். பல ஆண்டுகளாக அது வெளியே வந்ததில்லை என்கிறார். படித்து முடித்தபின் கேட்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நூலில் இல்லை. பிளையில் பூட்டிய அந்த மற்றோர் இழுப்பறையைப் பிறகு யார் திறந்தார்கள் என்பதும் இல்லை.